கொங்கு பற்றிய ஆய்வு நூல்களை ரசிப்பது எப்படி?

அரசியல், மதம், சமூகம் பற்றிய ஆய்வு நூல் என்பது ஒரு கேள்விக்கு நீளமாகச் சொல்லப்படும் பதில். நாவலைப் போல முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. கேள்வி என்ன, ஆசிரியர் யாரோடு வாதாடுகிறார், எந்த ஊரில் எந்த ஆண்டில் சான்று திரட்டினார் என்ற மூன்றும் பிடிபட்டுவிட்டால் முந்நூறு பக்க நூலும் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போகும். பிடிபடாவிட்டால் முன்னுரையிலேயே கண் சொருகும். அதற்கு வாசகரை மட்டும் குறை சொல்ல முடியாது. நன்றாக ஆராய்பவர்கள் எல்லோருக்கும் நன்றாக எழுத வருவதில்லை.

சேலம், நாமக்கல் பக்கத்து வாசகருக்கு இதில் ஒரு வசதி உண்டு. கொங்கு மண்ணையும் அதை ஒட்டிய சமவெளியையும் பற்றித் தரமான ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவற்றில் சொல்லியிருப்பது சரிதானா என்று பார்க்க டவுன் பஸ் ஏறினால் போதும்.

தொடங்க ஏற்றது பிரெண்டா பெக்கின் 'பெசன்ட் சொசைட்டி இன் கொங்கு' என்ற நூல். கனடாவைச் சேர்ந்த இந்த மானிடவியலாளர் 1960களின் நடுவில் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். நூல் 1972இல் வெளிவந்தது. இதைக் கையில் எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பொருளடக்கம். கொங்கு மண்டலம், அதற்குள் நாடு, நாட்டுக்குள் கிராமம், கிராமத்துக்குள் ஊர், ஊருக்குள் குடும்பம் என்று இயல்கள் படிப்படியாக இறங்குகின்றன. இந்த வரிசையே நூலின் வாதத்தில் பாதி. சாதியை ஒரே ஊருக்குள் பார்த்தால் ஒரு மாதிரியும், நாடு முழுவதும் விரித்துப் பார்த்தால் வேறு மாதிரியும் தெரியும் என்பது ஆசிரியரின் எண்ணம். கொங்கில் இருபத்து நான்கு நாடு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டவருக்கு இந்த அடுக்கு அந்நியமாகத் தோன்றாது.

நூலின் மையக் கேள்வி, சாதிகளை வலங்கை, இடங்கை என்று இரண்டாக வகுத்த பிரிவு பற்றியது. சோழர் காலக் கல்வெட்டுகளில் தென்படும் இந்தப் பிரிவு, கம்பெனி ஆட்சிக் காலத்திலும் ஊர்வலத் தெருக்களில் அடிதடிக்குக் காரணமாக இருந்தது. பெக் ஓலப்பாளையம் வந்தபோது அந்தப் பெயர்களைப் புழங்கியவர்கள் குறைவு. ஆனாலும் அதன் தடம் வழக்கங்களில் மிஞ்சியிருக்கிறது என்கிறார். நிலத்தை ஆண்ட கவுண்டர்களும் அவர்களைச் சார்ந்து தொழில் செய்தவர்களும் வலங்கைப் பக்கம். கைவினை, நெசவு, வணிகம் செய்தவர்கள் இடங்கைப் பக்கம். முதல் பக்கத்தாரின் மதிப்பு நிலத்தின் மீதான அதிகாரத்திலிருந்து வருகிறது. இரண்டாம் பக்கத்தாருக்கு நிலம் கைக்கு எட்டாததால் ஆசாரத்தையும் தூய்மையையும் இறுகப் பற்றி மதிப்பைத் தேடிக்கொள்கிறார்கள். மேல்படிகளில் இந்த இரு வழிகளும் நன்றாக விலகி நிற்கும், கீழே போகப் போக வித்தியாசம் மங்கும் என்பது அவரது கண்டுபிடிப்பு.

இந்த வாதத்தின் காரம் தெரிய, எதிரில் நிற்பவர் யார் என்று தெரிய வேண்டும். பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் 1966இல் வெளியிட்ட 'ஹோமோ ஹையரார்க்கிகஸ்', இந்தியச் சாதி முழுவதையும் தூய்மை, தீட்டு என்ற ஒரே அச்சில் நிறுத்தியது. துய்மோனும் தமிழ்நாடு அறியாதவர் அல்ல. பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்வு செய்தவர்தான். ஆனாலும் ஒரே அச்சு போதாது, கொங்கில் இரண்டு அச்சுகள் தெரிகின்றன என்று பெக்கின் நூல் காட்டுகிறது. ஆய்வு நூல்கள் பெரும்பாலும் இப்படிப் பிற நூல்களோடு சண்டை போடுவதற்காகவே எழுதப்படுகின்றன. சண்டை எங்கே என்பது முன்னுரையிலோ அடிக்குறிப்பிலோ இருக்கும். அடிக்குறிப்பைத் தாண்டிப் போகிறவர் சுவையான இடத்தைத் தவறவிடுகிறார்.

பெக்கின் நூலில் வாசகர் மிரளும் பக்கங்கள் அட்டவணைகள். யார் வீட்டில் யார் கை நனைப்பார், எதை வாங்கிக்கொள்வார், எதை மறுப்பார், விருந்தில் எந்த வரிசையில் உட்கார வைப்பார்கள் என்று கட்டம் கட்டமாக நிரப்பியிருக்கிறார். முழு அட்டவணையையும் ஒரே மூச்சில் விழுங்கப் பார்க்கக் கூடாது. ஏதாவது ஒரு சாதியின் வரிசையை மட்டும் எடுத்து, அவர்கள் கொடுப்பது யாருக்கு, வாங்குவது யாரிடம் என்று விரல் வைத்துத் தொடர்ந்தால் போதும். ஓரிடத்தில் எதிர்பாராத கட்டம் ஒன்று தட்டுப்படும். அந்தக் கட்டத்துக்கு விளக்கம் சொல்லத்தான் அந்த இயலே எழுதப்பட்டிருக்கும்.

நிலத்திலிருந்து தறிக்கு வந்தால், மானிடவியலாளர் கேர்ட் டி நேவ் எழுதிய 'தி எவ்ரிடே பாலிடிக்ஸ் ஆஃப் லேபர்' (2005). களம் காவிரியின் இரு கரைகள். மேற்கே கைத்தறி ஜமக்காளத்துக்குப் பேர்போன பவானி, கிழக்கே நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம், அதன் விசைத்தறிகள். மாறும் உலகத்தை உலகமயம், தாராளமயம் என்று பெரிய சொற்களால் மூடாமல், தறிக்கூடத்துக்குள் பணம் எப்படிக் கைமாறுகிறது என்று பார்க்கிற ஆய்வு இது.

இவரது எழுத்தில் அதிகம் பேசப்பட்ட பகுதி பாக்கி பற்றியது. தறி ஓட்ட வருபவருக்கு முதலாளி முன்பணமாக ஒரு தொகை கொடுக்கிறார். அதுதான் பாக்கி. கணக்கு முடிக்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. போவதென்றால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். வெளியிலிருந்து பார்ப்பவர் இதைக் கொத்தடிமை என்று சொல்லிவிடுவார். தெற்கு குஜராத் தொழிலாளர்களை ஆராய்ந்த யான் பிரெமன் இத்தகைய முறைகளுக்குப் புதிய கொத்தடிமை என்றே பெயர் வைத்தார். டி நேவ் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. ஆள் கிடைக்காத காலத்தில் தொழிலாளியைப் பிடித்து வைக்க முதலாளிகள் தொடங்கிய வழக்கம் இது. ஆனால் ஆள் பஞ்சம் தெரிந்ததும் தொழிலாளர்களே கூடுதல் பாக்கி கேட்டுப் பேரம் பேசினார்கள், கிடைக்காவிட்டால் இடம் மாறினார்கள், சிலர் கட்டாமலே போனார்கள். கயிற்றின் இரு முனையையும் இரு தரப்பும் இழுத்தன என்பது அவர் காட்டும் படம். குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ தறிச்சத்தத்தோடு வளர்ந்தவர், இது தொழிலாளி பக்கத்தை அதிகமாக நம்பிவிட்டதா என்று கேட்கலாம். பாக்கி ஏறிய குடும்பத்தில் பிள்ளையின் படிப்பு என்ன ஆனது என்றும் கேட்கலாம். அந்தக் கேள்வியை எழுப்பும்போது வாசகர் நூலோடு சரிசமமாக உட்கார்ந்துவிடுகிறார்.

பழைய அரசாங்க நூல்களைப் படிக்கும் முறை வேறு. எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட கெஜட்டியர் 1918இல் வந்தது. அதற்கு முன் 1883இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு இருக்கிறது. இவை ஆட்சி செய்ய வந்தவர்களுக்காக ஆட்சியாளர்கள் எழுதியவை. வரியும் பாசனமும் சொல்லும் இடங்களில் கை தேர்ந்தவை. சாதிகளின் குணம் சொல்லும் இடங்களில், செடி கொடிகளை வகைப்படுத்துவது போல மனிதரை வகைப்படுத்துபவை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

இவற்றில் எல்லையையும் கவனிக்க வேண்டும். 1918 கெஜட்டியரில் நாமக்கல் தாலுகாவைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1910இல் அது திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குப் போய், 1929இல்தான் சேலத்துக்குத் திரும்பியது. 1965இல் தருமபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானது. எனவே 'சேலத்தில் மக்கள்தொகை இத்தனை' என்று ஒரு நூல் சொன்னால், எந்த ஆண்டுச் சேலம் என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. கிறிஸ்டோபர் பேக்கர் 1984இல் எழுதிய தமிழ்நாட்டு ஊரகப் பொருளாதார வரலாறு மாவட்டக் கோடுகளையே ஒதுக்கிவிட்டு, ஆற்றுப் பள்ளத்தாக்கு, சமவெளி, கொங்கு என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறது. கிணற்றை நம்பித் தோட்டம் வைக்கும் திருச்செங்கோட்டுக்காரர் தன் இடத்தை உடனே கண்டுகொள்வார். ஆத்தூர்க்காரர் கொஞ்சம் தயங்குவார். அந்தத் தயக்கமும் நல்ல வாசிப்புதான்.

அரசியல் நூல்களில், ஒரே நிகழ்ச்சிக்கு வெவ்வேறு ஆசிரியர்கள் எத்தனை பக்கம் ஒதுக்குகிறார்கள் என்று பார்ப்பது நல்ல பயிற்சி. 1944 ஆகஸ்டில் சேலத்தில் நடந்த மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. கட்சி வரலாறுகளில் அது பெரிய திருப்பம். திராவிட அரசியலைப் பண்பாட்டுத் தேசியமாக அணுகும் மார்கரீட் ராஸ் பார்னெட்டின் 1976 நூலில் அது நீண்ட பாதையில் ஒரு கட்டம். எம். எஸ். எஸ். பாண்டியனின் 'பிராமின் அண்ட் நான்-பிராமின்' (2007) பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கே போய், 'பிராமணரல்லாதார்' என்ற அடையாளம் உருவாக முடிந்ததே எப்படி என்று தேடுகிறது. மாநாட்டுப் பந்தலை மட்டும் எதிர்பார்த்து அதைத் திறப்பவர் சலிப்படைவார்.

மத நூல்களில் சான்று எங்கிருந்து வந்தது என்பதே முதல் கேள்வி. ஃபிராங்க்ளின் பிரெஸ்லரின் 'ரிலிஜியன் அண்டர் பியூராக்ரசி' (1987) அறநிலையத் துறையின் நிர்வாகத்தை ஆராய்கிறது. அதில் கோயில் என்பது நிலம், அறங்காவலர், நிர்வாக அதிகாரி, வழக்கு. சாமி கும்பிடுகிறவரின் கோயிலை அதில் தேடிப் பயனில்லை. அந்தக் கோயில் வேண்டுமானால் பெக்கின் மற்றொரு நூலான 'தி த்ரீ ட்வின்ஸ்' (1982) பக்கம் போகலாம். அது பொன்னர் சங்கர் கதை என்றும் சொல்லப்படும் அண்ணன்மார் கதை பற்றியது. உடுக்கையடித்து இரவு இரவாகப் பாடிய கதையை ஒலிநாடாவில் பதிந்ததோடு, அதே பாடகர் நிதானமாகச் சொல்லி எழுத வைத்த வடிவத்தையும் பெக் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார். கூட்டத்துக்கு முன் பாடும்போது நீண்ட இடம், எழுதுபவர் முன் சுருங்கிப்போவதைப் பார்க்கலாம். பொன்னர் சங்கர் கதையைத் திருவிழாவில் கேட்டவருக்கு இந்த நூல் இரட்டை விருந்து.

வெளியிலிருந்து வந்த ஆய்வாளர் எவ்வளவு நல்லவரானாலும் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார் என்பது நூலின் நிறத்தை மாற்றும். சேரித் தெருவுக்கு எத்தனை முறை போனார், பெண்களோடு தனியாகப் பேச முடிந்ததா, மொழிபெயர்ப்பாளர் எந்தச் சாதி என்பவற்றை முன்னுரையிலும் நன்றியுரையிலும் தேடலாம். நன்றியுரையை யாரும் படிப்பதில்லை; ஆனால் ஆய்வாளருக்குக் கதவைத் திறந்துவிட்டவர்களின் பட்டியல் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு ஈடுகட்ட உள்ளிருந்து எழுந்த நூல்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பெருமாள்முருகன் தொகுத்த 'சாதியும் நானும்' (2013) இதில் முக்கியமானது. பலர் தம் வாழ்வில் சாதியைச் சந்தித்த விதத்தைத் தாமே எழுதிய கட்டுரைகள் அவை. கோட்பாடு இல்லை, அட்டவணை இல்லை. ஆனால் பெக்கின் கட்டங்களில் 'வாங்குவதில்லை' என்று ஒரு குறியாக நிற்பது, இங்கே கொட்டாங்குச்சியில் காப்பி வாங்கியவரின் குரலாக வருகிறது. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் பக்கத்தில் இருந்தால், ஆங்கில நூல்களில் ரோமன் எழுத்தில் உருமாறிக் கிடக்கும் ஊர்ச்சொற்களை மீட்டெடுக்கலாம்.

புதியவர் 'சாதியும் நானும்' நூலில் தொடங்கி, டி நேவுக்குப் போய், அதன் பிறகு பெக்கை எடுப்பது எளிது. ஆங்கில நூல் சுமையாகத் தெரிந்தால் முன்னுரை, ஏதாவது ஓர் இயல், முடிவுரை என்று மூன்றை மட்டும் படித்துவிட்டு, பின்னிணைப்புச் சொல்லடைவில் சொந்த ஊர்ப் பெயரைத் தேடி அந்தப் பக்கங்களுக்குப் போகலாம். கெஜட்டியரும் கையேடும் இணையத்தில் மின்படியாகக் கிடைக்கின்றன. விலை உயர்ந்த பல்கலைக்கழகப் பதிப்புகளுக்குச் சேலம் பெரியார் பல்கலைக்கழக நூலகத்திலோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ விசாரிக்கலாம்.