கோஃபம்ட்டும் கைக்காசும்

நிரலின் உள்தள்ளலுக்கு டேப்பா, நான்கு இடைவெளியா என்ற சண்டையில் நான் டேப் பக்கம். டேப் இருந்தால் ஒரே கோப்பை ஒருவர் 2 எழுத்து அகலத்தில் திறக்கலாம். கண் மங்கிய மூத்தவர் 8 வைத்துக்கொள்ளலாம். கோப்பில் ஒரு பைட்கூட மாறாது. இந்த மரியாதை தெரிந்த, நிரலை ஒழுங்குபடுத்தும் கருவி கோஃபம்ட். 2009இல் கோ மொழியோடு கூடவே வெளிவந்தது. உள்தள்ளலுக்கு டேப், பத்திகளை நேராக்க இடைவெளி என்று அதை எழுதிய ரொபர்ட் கிரீஸ்மர் வேலையைப் பிரித்துக்கொடுத்த அழகு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

உடன் வேலை செய்யும் தம்பிமார் பைதன்காரர்கள், பைதன் நிரலை ஒழுங்குபடுத்தும் பிளாக்கைக் கொண்டாடுபவர்கள். நல்ல கருவிதான். ஆனால் வரி 88 எழுத்தைத் தாண்டினால் ஒடித்துவிடும். நான் யோசித்து மடித்த வரி 88க்குள் அடங்குமென்றால் சேர்த்தும் விடும். அதைக் காப்பாற்றக் கடைசியில் ஒரு காற்புள்ளி வைக்க வேண்டும். கோஃபம்ட் அந்த வம்புக்கு வருவதில்லை. எங்கே மடிப்பது, எங்கே வெற்று வரி விடுவது என்பதெல்லாம் எழுதுபவர் பொறுப்பு. அடுத்தடுத்து ஒன்றுக்கு மேற்பட்ட வெற்று வரி விட்டால் மட்டும் ஒன்றாக்கும். இலங்கையிலேயே பிறந்த பாலரினா மொழியின் நடைக் கையேடு நான்கு இடைவெளி, வரிக்கு 120 எழுத்து என்கிறது. 120இல் எனக்குச் சம்மதம், இடைவெளியில் இல்லை.

ஹட்டனில் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் கொழுந்துக் கணக்கு நிரலில் பெரட்டு, அரைப்பேர், கைக்காசு போன்ற தோட்டத்துச் சொற்கள் எல்லாம் தமிழிலேயே இருக்கும். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் எண். ஆங்கிலச் சொல்லாக இருந்தால் எண்கள் ஒரே கோட்டில் நிற்கும். தமிழில் கோணும். கோஃபம்ட் யூனிகோட் குறிகளை எண்ணி, ஒவ்வொன்றும் ஒரே அகலம் என்று வைத்துக்கொள்கிறது. ‘மலை’ அதற்கு 3, ‘கைக்காசு’ 8. ஆகவே மலைக்குப் பின்னால் 5 இடைவெளி கூடுதலாக விடுகிறது. நம் கண்ணுக்கோ அவை 2 எழுத்தும் 4 எழுத்தும்தான். எழுத்தை எண்ணினாலும் தீராது. ‘கை’ பிடிக்கும் இடமும் ‘ர்’ பிடிக்கும் இடமும் ஒன்றா?

இதற்கு வழி கோஃபம்ட்டின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். பத்தியை நேராக்க அது பயன்படுத்துவது நிக் கிரேவ்கார்ட் 2006இல் முன்வைத்த நெகிழ் டேப் முறை. அதன்படி கோப்பில் டேப் மட்டும் இருக்கும். எழுத்துகளின் உண்மையான அகலத்தை அளந்து கோடு பிடிப்பது எடிட்டரின் வேலை. எடிட்டர்காரர்கள் அதைப் பரவலாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் கோஃபம்ட்டின் கணக்கு முடிந்ததும் அந்த டேப்கள் இடைவெளிகளாக உறைந்துவிடுகின்றன.

இத்தனை குறை சொல்லியும் நான் வேறு கருவிக்குப் போகமாட்டேன். கொழுந்தெடுக்கும் அக்காமார் செடியின்மேல் மட்டக்கம்பை வைத்துப் பார்க்கும்போது அது யாருடைய நிரை என்று கம்பு கேட்காது, கோஃபம்ட்டும் அப்படித்தான். கொழும்பில் முன்பு வேலை பார்த்த இடத்தில் ரிவ்யூவுக்கு வரும் மாற்றங்களில் பாதி, ஒருவர் நகர்த்திய இடைவெளியை இன்னொருவர் திருப்பி நகர்த்தியதாக இருக்கும். உண்மையில் மாறிய ஒரு வரியைத் தேடியே மாலையாகிவிடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் நாட்டுத் தன்னார்வலர்கள் அவசர அவசரமாகச் சேர்ந்து எழுதிய சஹானா மென்பொருளை நினைக்கும்போதெல்லாம், அத்தனை கைகள் ஒன்றையொன்று எப்படிப் படித்திருக்கும் என்று வியப்பேன். காணாமற்போனவர்களைத் தேடும் நிரலில் ஒருவர் எழுதியது மற்றவருக்கு உடனே விளங்க வேண்டுமே.

இப்போது வருகிறவர்களிடம் எனக்கு ஒரே வருத்தம். கோஃபம்ட் ஓடிவிட்டது, நிரல் அழகாகிவிட்டது என்று நம்புகிறார்கள். கருவி அவர்களிடமே விட்டுவைத்த வெற்று வரியைத் தொடுவதே இல்லை. அறுபது வரி ஒரே மூச்சில் போகிறது. நிறுவை எங்கே முடிகிறது, சம்பளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அங்கே ஒரு வெற்று வரி விடத் தெரிந்தவரின் நிரலை, பெயர் பாராமலே நான் அடையாளம் சொல்வேன்.

தமிழுக்கு இப்போதைக்கு நாங்கள் செய்வது, எண்ணை முன்னால் போட்டுச் சொல்லை வரியின் கடைசிக்குத் தள்ளுவது. தமிழுக்குப் பிறகு நேராக்க எதுவும் இல்லையென்றால் கோணவும் எதுவும் இல்லை. ஆனாலும் கைக்காசு முன்னால் நிற்பதுதான் வாசிக்க இயல்பு. அதற்கு எடிட்டர்களுக்குள் நெகிழ் டேப் வர வேண்டும்.