‘வாழை’ டீச்சரும் லீவு நாள் ரிகர்சலும்

மாரி செல்வராஜின் ‘வாழை’ 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளிவந்தது. அந்த வாரமே அக்காவையும் கூட்டிக்கொண்டு போய் திருநெல்வேலியில் பார்த்தேன். அக்கா சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. படம் முடிந்ததும் தியேட்டரில் பாதிப் பேர் எழுந்திருக்க மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்து நான் பைக்கை எடுக்கும்போது அக்கா கேட்டாள்: “ஏல, அந்த டீச்சர் லீவு நாள்ல பள்ளிக்கூடத்துக்கு வந்துருக்கால்லா, அவளுக்கு வீட்ல சோலியே கிடையாதா?”

அப்போது சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி மண்டைக்குள்ளேயே கிடந்தது. அதனால் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். கூடவே ‘சாட்டை’ (2012), ‘ராட்சசி’ (2019) இரண்டையும் பார்த்தேன். (வாழையின் முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அந்த வட்டாரத்து வாழைக்காடுதான் படத்தின் உலகம். நன்றாகப் படிக்கிற பையன் சிவனணைந்தான். பள்ளி லீவு விட்டால் காய் சுமக்கப் போயாக வேண்டும், அதனால் லீவு என்றாலே அவனுக்குக் கசப்பு. பூங்கொடி டீச்சர் (நிகிலா விமல்) என்றால் உயிர். அவர் தவறவிட்ட கைக்குட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிற அளவுக்குப் பிரியம். பள்ளி விழாவுக்கு டான்ஸ் ரிகர்சல் நடக்கிறது. காய் சுமக்கப் போக வேண்டிய நாளில் பையன் ரிகர்சலுக்குப் போகிறான். அவன் போகாத லாரி கவிழ்கிறது. அதில் அவனுடைய அக்காவும் இருக்கிறாள், கூட்டாளியும் இருக்கிறான்.

அதாவது, விடுமுறை நாளில் ஒரு டீச்சர் பள்ளிக்கு வந்ததால் ஒரு பையன் உயிரோடு இருக்கிறான். கதையின் அச்சாணி அது. ஆனால் அவர் எதற்கு வந்தார், யார் வரச் சொன்னார்கள், அது சம்பளத்தில் சேர்த்தியா என்பதெல்லாம் படத்தில் கிடையாது. டான்ஸ் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, பையன் கண்ணில் மின்னுகிற டீச்சர் இருக்கிறார். அவ்வளவுதான்.

இதைக் குறையாகச் சொல்லலாமா என்று ரொம்ப யோசித்தேன். படம் பையனின் கண் வழியாகப் போகிறது. எந்தப் பையனுக்கு டீச்சரின் சம்பளப் பட்டியல் தெரியும்? நியாயமான பதில்தான். ஆனால் இதே படம் கூலிக் கணக்கில் கெட்டி. தாருக்கு ஒரு ரூபாய் கூட்டித் தரச் சொல்லிக் கனி (கலையரசன்) பேரம் பேசுவது, வியாபாரி ஒத்துக்கொள்வது, ஏற்றிக் கொடுத்ததை வண்டிச் செலவில் மிச்சம் பிடிக்க ஆட்களை லோடு லாரியிலேயே ஏற்றி அனுப்புவது, அந்த லாரியே கவிழ்வது எல்லாம் படத்தில் வருகிறது. ஒரு ரூபாய் எப்படிச் சாவாக மாறுகிறது என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டிய தமிழ்ப்படம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. வாழைக்காட்டில் உழைப்பை உழைப்பாகப் பார்த்த அதே கண், பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் அன்பை மட்டும்தான் பார்க்கிறது.

பூங்கொடியை மரியாதையாகக் காட்டியிருக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. மற்ற இரண்டு படங்களோடு வைத்துப் பார்த்தால் அந்த அருமை தெரியும். அன்பழகன் இயக்கிய ‘சாட்டை’யில் மாவட்டத்திலேயே பின்தங்கிய ஒரு அரசுப் பள்ளி. தயாளன் (சமுத்திரக்கனி) மாற்றலாகி வருகிறார். உதவித் தலைமை ஆசிரியர் சிங்கப்பெருமாள் (தம்பி ராமையா) தலைமையில் சோம்பேறி ஆசிரியர்கள். தயாளன் போராடிப் பள்ளியை மேலே கொண்டு வருகிறார். ‘ராட்சசி’யில் கீதா ராணியாக ஜோதிகா. முன்னாள் ராணுவக்காரர், தலைமை ஆசிரியையாக வந்து எல்லாரையும் நிமிர்த்துகிறார். ஏழு வருஷ இடைவெளியில் வந்த இரண்டு படங்களுக்கும் ஒரே ஃபார்முலா: பள்ளி கெட்டுப்போனதற்குக் காரணம் கெட்ட ஆசிரியர்கள், ஒரு நல்லவர் வந்தால் சரியாகிவிடும். காலிப் பணியிடம் எத்தனை, ஒரே ஆள் எத்தனை வகுப்பை மேய்க்கிறார் என்ற கணக்கு கதையை எங்கேயும் நகர்த்துவதில்லை.

எங்கள் தொழிலிலும் இந்த மாதிரி ஹீரோக்கள் உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் தனியாளாக உட்கார்ந்து தூக்கி நிறுத்துவான். மறுநாள் கைதட்டு. உருப்படியான டீம் என்றால் கைதட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்கும்: இதற்கு ஏன் ஒருத்தன் ராத்திரி முழிக்க வேண்டி வந்தது? ஆசிரியர் படங்கள் கைதட்டோடு நிறுத்திக்கொள்கின்றன.

சோம்பேறி வாத்தியார்களே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. எனக்கு ஒரு வாத்தியார் இருந்தார், மதிய பீரியடில் எங்களை மனக்கணக்கு போடச் சொல்லிவிட்டு மேஜையில் தலை சாய்த்துவிடுவார். ஆனால் அந்த ஒருத்தரை வைத்து ஒரு வேலையையே வரைய முடியாது.

வேலையின் கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது. ‘வாழை’ தொண்ணூறுகளின் கதை. அப்போது கல்வி உரிமைச் சட்டம் கிடையாது. இன்று இருக்கிறது. 2009ஆம் வருஷத்து அந்தச் சட்டத்தின் அட்டவணைப்படி ஆசிரியருக்கு வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம், தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து. 60 பிள்ளைகள் வரைக்கும் உள்ள ஆரம்பப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். காகிதத்தில் அழகான விகிதம். ஆனால் வகுப்பு ஐந்து. ஒருத்தர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மிச்சம் இருக்கிறவருக்கு ஐந்தும். அக்கா பள்ளி இந்த ரகம்தான். கல்வி சாராத வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. கூடவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு விலக்கும் கொடுக்கிறது.

பூங்கொடி இன்றைக்கு இருந்தால் அந்த ரிகர்சலை யார் நடத்துவார்? ஓவியம், இசை, உடற்கல்வி, தையல் மாதிரிப் பாடங்களுக்கென்று 2012ல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். 2024ல் அது 12,500 ஆனது. நிரந்தரம் செய்யுங்கள் என்று அவர்கள் கேட்காத வருஷம் இல்லை. பிள்ளைகளை மேடை ஏற்றுகிற வேலையை நாம் எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்று இந்தத் தொகை சொல்கிறது.

நிரந்தர வேலையிலும் கோடு உண்டு. 2009 மே 31க்கு முன்னால் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே படிப்பு, அதே வகுப்பு, 3,170 ரூபாய் பள்ளம். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று அவர்கள் சென்னையில் திரும்பத் திரும்ப உட்காருவது இதற்காகத்தான். அக்கா கோட்டுக்கு இந்தப் பக்கம்.

அப்புறம் பாதுகாப்பு. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைத் தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. எங்கள் குடும்ப வாட்ஸப்பில் எல்லாரும் அவருடைய தைரியத்தைப் புகழ்ந்தார்கள், நானும்தான். ஒரு மில்லில் மெஷின் தொழிலாளியின் கையைப் பிடித்திருந்தால் அதை வேலையிட விபத்து என்போம், விசாரணை கேட்போம், நஷ்டஈடு கேட்போம். வகுப்பறையில் நடந்ததும் அது நமக்கு வீரக்கதை ஆகிவிட்டது. லீவு நாளில் வந்த பூங்கொடி நமக்கு அன்பான டீச்சர் ஆனதும் இந்த வழியில்தான்.

மாரி செல்வராஜ் அடுத்த படத்தில் டீச்சரின் சம்பளச் சீட்டைக் காட்ட வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. ரிகர்சல் முடிந்து, பிள்ளைகள் போன பிறகு, பூங்கொடி பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற ஒரே ஒரு ஷாட் போதும். லாரிச் செய்தி அவருக்கு எங்கே வைத்துக் கிடைத்தது என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். பிழைத்த பையன் தன் ரிகர்சலால் பிழைத்தான் என்று தெரிந்த பிறகு, திங்கட்கிழமை அவர் எந்த முகத்தோடு வருகைப் பதிவேட்டைத் திறந்திருப்பார்? செத்துப்போன பிள்ளையின் பெயரும் அந்தப் பதிவேட்டில்தானே இருக்கும்.

இதை எழுதுவதற்காக அக்காவிடம் ஒரு வாரம் என்னென்ன வேலை, எவ்வளவு நேரம் என்று குறித்துவைக்கச் சொன்னேன். நாங்கள் ஆபீஸில் டைம்ஷீட் போடுவது மாதிரி ஒரு எக்ஸெல் தாளும் செய்து போனில் அனுப்பினேன். திங்கள், செவ்வாய் ஒழுங்காக வந்தது. புதன் பாதிதான். வியாழக்கிழமை ஒன்றும் வரவில்லையே என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

“போல, இருக்குத ரிஜிஸ்டரு பத்தாதுன்னு நீ வேற ஒண்ணு குடுக்க” என்று வைத்துவிட்டாள்.