செவிலியர் கல்வி ஆய்வுகள்: ஒரு மதிப்பீடு

இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு 1946ஆம் ஆண்டு தில்லியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கியது. இன்று முதுநிலை மாணவர்கள் ஆய்வேடும் எழுதுகின்றனர்.

இவ்வாய்வேடுகளில் அடிக்கடி காணப்படும் முறை ஒன்று உண்டு. ஒரு குழுவினருக்கு வினாத்தாள் கொடுத்து, பாடம் நடத்தி, சில நாள்களில் அதே வினாத்தாளை மீண்டும் கொடுப்பர். மதிப்பெண் கூடினால் பயிற்சி பயனளித்தது என முடிவு செய்வர். வினாக்கள் முன்பே பழகியவை என்பதாலும் மதிப்பெண் கூடலாம். ஒப்பிடுவதற்கு மற்றொரு குழு இல்லையெனில் இதனைப் பிரித்தறிய இயலாது. மேலும், கை கழுவும் முறையைச் சரியாக எழுதிய மாணவி, நெரிசல் மிகுந்த வார்டில் ஒவ்வொரு நோயாளியையும் தொடுமுன் கை கழுவுகிறாரா என்பதை வினாத்தாள் காட்டாது.

லிண்டா எய்க்கன் குழுவினர் 2014இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு நோயாளிகளையே நோக்கியது. 9 ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சை பெற்றவர்களிடையே, மருத்துவமனையில் சேர்ந்த 30 நாள்களுக்குள் நேர்ந்த இறப்புகளை அது ஆராய்ந்தது. பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 விழுக்காடு கூடியபோது இறப்பு வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்தது. ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடியபோது அது 7 விழுக்காடு உயர்ந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. எனினும், பட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பணிச்சுமையை விட்டுவிடுவது இவ்வாய்வைப் பாதி படிப்பதாகும்.

இவ்வளவு பெரிய ஆய்வை ஒரு மாணவி செய்ய இயலாது. ஆனால் செவிலியர்கள் பயிற்சி பெற்ற வார்டிலும் பெறாத வார்டிலும் எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் வந்தது என எண்ணிப் பார்க்கலாம். அந்த எண்ணிக்கை, மதிப்பெண்ணைவிட நோயாளிக்குப் பயன்படும்.