உப்பு எங்கே போகிறது?

பாகாயத்தில் இருந்துகொண்டு கிராஃபீன் பற்றி வாசித்தால் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. எந்தக் கட்டுரையை எடுத்தாலும் பாலாற்றைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துத்தான் பார்க்கத் தோன்றுகிறது.

2012இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் கோஹென்-டானுகியும் ஜெஃப்ரி கிராஸ்மனும் எழுதிய கட்டுரையை நான் ஒரு நல்ல சிறுகதை மாதிரிதான் வாசித்தேன். ஒற்றை அணுத் தடிமனில் ஒரு கார்பன் தாள், அதில் நானோமீட்டர் அளவில் துளைகள், ஒரு பக்கம் உப்புத் தண்ணீர். எல்லாம் கணினிக்குள். அழுத்தினால் தண்ணீர் போகிறது, உப்பு நிற்கிறது. துளையின் விளிம்பில் ஹைட்ரஜனுக்குப் பதில் ஹைட்ராக்சிலை ஒட்டினால் தண்ணீர் இன்னும் வேகமாகப் போகும், ஆனால் உப்பும் கொஞ்சம் கூடவே நழுவும். கட்டுரையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நம்மூர்ச் செய்திகளில் இது மட்டும் வராது. ‘அதிசயச் சல்லடை’ என்று தலைப்பு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

கதையில் பாத்திரங்கள் குறைவு: தண்ணீர், சோடியம், குளோரைடு. அழுத்தமும் நிஜ ஆலையில் கொடுப்பதைவிடப் பல மடங்கு. சில நானோ விநாடிகளுக்குள் ஏதாவது நடந்தாக வேண்டுமே! அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டேனரித் தண்ணீரில் சுண்ணாம்பு, சல்பைடு, கரைந்த முடி, புரதம், குரோமியம் எல்லாம் சேர்ந்து வரும். இவற்றில் ஒன்றுகூட அந்தப் பெட்டிக்குள் இல்லை.

2017இல் மான்செஸ்டரில் ராகுல் நாயர் குழு செய்தது எனக்கு இதைவிடப் பிடித்தது. கிராஃபீன் ஆக்சைடு அடுக்குகள் தண்ணீரில் ஊதும், இடைவெளி அகலும், உப்பு உள்ளே புகுந்துவிடும். அவர்கள் அடுக்குகளை எப்பாக்ஸியில் பூட்டி, ஊத விடாமல் பிடித்தார்கள். சோடியம் குளோரைடு ஏறக்குறைய 97 சதவீதம் தடுக்கப்பட்டது. ஏன் என்று சொல்ல சிமுலேஷன் வந்தது: தன்னைச் சுற்றியிருக்கும் தண்ணீர்ச் சட்டையைக் கழற்றினால்தான் அயனி உள்ளே நுழைய முடியும், கழற்ற ஆற்றல் வேண்டும். இங்கே கணினி தனியாகக் கனவு காணவில்லை, எதிரே கையால் செய்த ஒரு சவ்வு இருந்தது.

ஆனால் மூன்றிலும் நேர்மையானது 2014இல் கோஹென்-டானுகியே சகாக்களோடு எழுதியதுதான். சவ்வு மூன்று மடங்கு வேகமாகத் தண்ணீரை விட்டாலும் கடல்நீர் ஆலையில் மிச்சமாகும் ஆற்றல் 15 சதவீதம்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தன் கதைக்குத் தானே விமர்சனம் எழுதுகிற எழுத்தாளர்கள் நம்மிடம் எத்தனை பேர்?

அதிலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. தோல் கழிவுநீர் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 ஆகஸ்டில். அதற்கப்புறம் நம் பக்கத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. வந்தது, மிஞ்சும் கரைசலைக் காய்ச்ச ஆவியாக்கி வந்தது. தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது, கலப்பு உப்பு குவிகிறது. அந்த உப்பை வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம், மழையில் நனையவும் விடக்கூடாது. சவ்வு கிராஃபீனாக மாறினாலும் உள்ளே வந்த உப்பு அதே எடைக்கு வெளியே வந்து நிற்கும். சிமுலேஷன் முடிகிற இடத்தில்தான் நமக்கு வேலையே ஆரம்பிக்கிறது.

வாசிக்கிறவர்கள் 2014 கட்டுரையிலிருந்து தொடங்குங்கள், 2012க்கு அப்புறம் போங்கள்.