௹: எண் உண்டு, விசை எங்கே?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாணிகம் செய்த குடும்பம் ஒன்றின் பழைய கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் கிட்டியது. பக்கத்தின் தலைப்பில் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳. தொகைக்கு முன் ௹. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. மேல்வரியில் உள்ளதே மீண்டும் வருமிடத்தில் 'மேற்படி' என்பதற்கு ௸. உடன் வந்த கல்லூரி மாணவர் ஒரு பக்கத்தைத் தம் கைப்பேசியில் தட்டெழுதிக்கொள்ள முயன்றார்; முதல் வரியிலேயே நின்றுவிட்டார். அவருடைய விசைப்பலகையில் ௵ இல்லை.

இக்குறிகள் கணிப்பொறிக்குள் ஏறவே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். கணிப்பொறி எழுத்தின் வடிவத்தை அறியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண்ணையே அறியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் பொது ஏற்பாடு யூனிக்கோடு ஆகும். 2003-இல் வெளிவந்த அதன் 4.0 பதிப்பில் ௳ முதல் ௺ வரை எட்டுக் குறிகள் இடம்பெற்றுவிட்டன. ௵-க்கு 3061, ௹-க்கு 3065.

எண் மட்டும் கிடைத்தால் போதுமா? எழுத்துருவில் அதற்குரிய உருவம் இருக்க வேண்டும். இல்லையேல் திரையில் வெறுங்கட்டமே தோன்றும். அந்த எண்ணை எழுப்ப விசையும் வேண்டும். தமிழ் 99 அமைப்பைப் பின்பற்றும் சில மென்பொருள்களில் ஷிப்டு விசையோடு கீழ்வரிசை விசைகளை அழுத்தினால் ௳, ௴, ௵ வருகின்றன. இதை அறிந்தவர் எத்தனை பேர்? வேர்டு மென்பொருளில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்பலகையில் 3065 என அடித்தால் ௹ வரும். கணக்குப்பிள்ளை ஒரே இழுப்பில் எழுதிய குறிக்கு இத்தனை சுற்று!

இதனோடு ₹ குறியின் வரலாற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த அக்குறியை இந்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அக்டோபரிலேயே யூனிக்கோடு 6.0 பதிப்பில் அதற்கு 8377 என்னும் எண் கிடைத்தது. விரைவில் 4-ஆம் எண் விசையின் மேல் அது அச்சாகியும் வந்தது. ஏழாண்டு முன்னதாக எண் பெற்ற ௹ அப்படி எந்த விசையின் மேலும் ஏறவில்லை. தொழில்நுட்பத்தின் மேல் பழி போட இதில் இடமில்லை. ஒன்றுக்காக வற்புறுத்த அரசு இருந்தது, மற்றொன்றுக்கு எவரும் இல்லை. 2025 மார்ச்சில் தமிழக அரசு தன் வரவுசெலவுத் திட்ட இலச்சினையில் ₹ குறிக்குப் பதிலாக 'ரூ' என்று பொறித்தபோது எழுந்த வாதங்களில் நான் படித்தவரை ௹ பற்றிய பேச்சே இல்லை. கணிப்பொறிக்கு 'ரூ' என்பது 2992, 3010 என்ற இரண்டு எண்கள், ௹ ஒன்றே.

இவை வெறும் சுருக்கங்கள், 'வருடம்' என்று விரித்து எழுதினால் போயிற்று என்பாருண்டு. இன்று நாம் புதிதாக எழுதுவனவற்றுக்கு அது சரியே. நாளிதழெங்கும் ௹ போட வேண்டும் என்று நான் கூறவில்லை. பழைய ஏட்டைப் படியெடுப்பது வேறு வேலை. ௵ என்பதை ஒருவர் 'வருடம்' என்பார், மற்றொருவர் 'வருஷம்' என்பார், மூன்றாமவர் 'ஆண்டு' என்பார். மூவரும் விரித்து எழுதிய படிகளை ஒரே சொல்லால் தேடினால் இரண்டு தப்பிப் போகும். பழைய எழுத்துருக்களின் வழி இன்னும் மோசம். அவற்றில் ரோமன் எழுத்துக்குரிய எண்ணிலேயே தமிழ் வடிவம் அமர்ந்திருக்கும். எழுத்துருவை மாற்றியதும் பத்திரத்தின் நடுவே ரோமன் எழுத்து முளைக்கும்.

பின்னக் குறிகளின் நிலையும் இதுவே. முந்திரி என்னும் 1/320, காணி என்னும் 1/80 முதலியவை 2019-இல் 12.0 பதிப்பில் எண் பெற்றன. முந்திரிக்கு உரிய எண் 73664. 65,535-ஐத் தாண்டிய எண்களைக் கையாள அறியாத பழைய மென்பொருள்கள் இதில் தடுமாறும்.

கைப்பேசி விசைப்பலகையில் ₹ விசையை நீட்டி அழுத்தினால் ௹ வருமாறு அமைப்பது பெரிய வேலை அன்று. மாணவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஏட்டின் பக்கங்களைப் புகைப்படமாகவே எடுத்துச் சென்றார். அவற்றில் எந்த ௵-ஐயும் கணிப்பொறியால் தேட இயலாது.