தனிப் பல்கலைக்கழகம் எதைச் சாதித்தது?

2008 வரை தமிழ்நாட்டின் கல்வியியல் கல்லூரிகள் சென்னை, மதுரை காமராசர், பாரதியார் எனப் பல பல்கலைக்கழகங்களின் கீழ் சிதறிக் கிடந்தன. ஒரே பி.எட். பட்டத்துக்கு ஊருக்கொரு பாடத்திட்டம், ஆளுக்கொரு தேர்வு அட்டவணை. அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு அவை நூற்றுக்கணக்கான கல்லூரிகளுள் சில; அவ்வளவுதான். அவ்வாண்டு தனிச்சட்டத்தின் வழியே பிறந்த தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இவற்றை ஒரு குடைக்குள் கொண்டுவந்தது. கன்னியாகுமரியில் படித்தாலும் கிருஷ்ணகிரியில் படித்தாலும் ஒரே பாடம், ஒரே வினாத்தாள். சுயநிதிக் கல்லூரிகள் பெருகிவந்த காலத்தில் இந்தச் சீர்மை சிறிய ஆதாயமன்று. ஆனால் அது நிர்வாகம் தந்த ஆதாயம். வகுப்பறைக்குள் அது வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

ஐயம் எழுவது அமைப்பிலிருந்தே. கல்வி உளவியல், கல்வித் தொழில்நுட்பம் போன்ற துறைகள் இப்பல்கலைக்கழகத்தில் உண்டு. கணிதத்துக்கோ வேதியியலுக்கோ வரலாற்றுக்கோ துறை இல்லை. எப்படிக் கற்பிப்பது என்பது ஒரு வளாகத்தில், எதைக் கற்பிப்பது என்பது வேறொரு வளாகத்தில். பின்னங்களை ஒரு பிள்ளை ஏன் தப்பாகப் புரிந்துகொள்கிறது என்பதைக் கணிதம் அறிந்தவரும் குழந்தை மனம் அறிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் ஆராய முடியும். அந்த இடம் அமையாதபோது, இணைவு வழங்குதல், தேர்வு நடத்துதல், சான்றிதழ் அச்சிடுதல் ஆகியவையே பெரும்பணி ஆகிவிடுகின்றன. 2014-இன் தேசிய விதிமுறைகள் பி.எட். படிப்பை ஓராண்டிலிருந்து இரண்டாக்கி, இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சியையும் வைத்தன. நல்ல ஏற்பாடுதான். எனினும் பயிற்சி மாணவர் விடுப்பிலிருக்கும் ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொண்டு, இரவில் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தால், நூற்றுக்கணக்கான கல்லூரிகளைத் தூரத்திலிருந்து மேய்க்கும் பல்கலைக்கழகத்தின் கண்ணில் படுவது அந்த நோட்டு மட்டும்தான்.

பொதுப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2012 ஜூலையில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுத, தேறியவர்கள் ஏறத்தாழ இரண்டரை ஆயிரம் பேரே. தேர்வு எழுதியவர்களில் பலர் பழைய ஏற்பாட்டில் பயின்றவர்கள். போதாக்குறைக்கு 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரம்தான் தரப்பட்டது. ஆகவே அந்த முடிவைப் புதிய பல்கலைக்கழகத்தின் தலையில் சுமத்துவது அநீதி. 2008-க்கு முன்பும் கணிதத் துறைக்கும் கல்வியியல் கல்லூரிக்கும் பேச்சுவார்த்தை இருந்ததில்லை. ஆனாலும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் அந்தக் கதவைத் திறக்க வாய்ப்பிருந்தது. தனிச்சட்டம் அதைச் சுவராக்கிவிட்டது.

தனிப் பல்கலைக்கழகமே கூடாது என்பதல்ல வாதம். மைசூருவின் மண்டலக் கல்வியியல் நிறுவனம் 1960-களிலிருந்தே பாட அறிவையும் கற்பித்தலையும் நான்காண்டுப் பட்டமாகப் பிணைத்துக் கற்பித்துவருகிறது. 2010-இல் குஜராத் தொடங்கிய ஆசிரியர் கல்வி நிறுவனமும் தன் வளாகத்திலேயே அத்தகைய படிப்பை நடத்துகிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகமும் இணைவுக் கோப்புகளைக் குறைத்துக்கொண்டு, அறிவியல், மொழித் துறைகளையும் ஒரு மாதிரிப் பள்ளியையும் தன் வளாகத்தில் தொடங்க வேண்டும். அதற்கு வேண்டிய பேராசிரியர் பணியிடங்களையும் நிதியையும் தர வேண்டியது அரசு.