விளம்பரத்தைச் சுட்ட துப்பாக்கி

1955-ல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் விளையாட்டுத் துப்பாக்கி மாதிரி ஒரு பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் ஃபிளாஷ்-மேட்டிக். உள்ளே குண்டெல்லாம் கிடையாது, டார்ச் லைட்தான். டிவி திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் செல்கள் வைத்திருந்தார்கள். ஒரு மூலையைக் குறிவைத்தால் சேனல் மாறும், இன்னொன்றைச் சுட்டால் சத்தம் நிற்கும். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, விளம்பரக்காரரின் வாயை மட்டும் அடைத்துவிடலாம். ஜெனித் இதைச் சொல்லித்தான் அதை விற்றது. வெயில் திரையில் பட்டால் சேனல் தானாக மாறிவிடும் என்பது தனிக்கதை!

ஜெனித் தலைவர் யூஜின் மெக்டொனால்டுக்கு டிவி விளம்பரம் என்றாலே ஆகாது. வெறும் விளம்பரக் காசில் டிவி பிழைக்க முடியாது என்று நம்பியவர். 1951-ல் சிகாகோவில் 300 குடும்பங்களுக்கு, காசு கொடுத்து விளம்பரம் இல்லாமல் படம் பார்க்கும் ஒரு ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தார். அது பெரிதாகப் போகவில்லை. ரிமோட் போனது. எங்கே போனது என்பதுதான் இந்தப் பதிவு.

இந்தக் கதையை நான் படித்தது டிம் வூ எழுதிய 'தி அட்டென்ஷன் மெர்ச்சன்ட்ஸ்' (2016) புத்தகத்தில். வூ கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர். 'நெட் நியூட்ராலிட்டி' என்ற சொல்லை உருவாக்கியவர் என்றால் பலருக்குத் தெரியும். நம் கவனத்தை அறுவடை செய்து விற்கும் தொழிலின் வரலாறுதான் புத்தகம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல புத்தகம். இரண்டு முறை படித்துவிட்டேன். இரண்டாவது முறைதான் எனக்கும் புத்தகத்துக்கும் சண்டை வந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழில் ஃபேஸ்புக்கோடு தொடங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். வூ நம்மை 1833-க்கு அழைத்துப் போகிறார். நியூயார்க்கில் பெஞ்சமின் டே என்பவர் 'தி சன்' என்ற நாளிதழைத் தொடங்குகிறார். மற்ற பத்திரிகைகள் 6 சென்ட் விற்கும்போது இவர் விலை 1 சென்ட். அந்த விலையில் பத்திரிகை விற்றால் நஷ்டம்தானே? ஆனால் அவர் விற்றது பத்திரிகையை அல்ல, வாசகர்களை. வாங்கியது விளம்பரதாரர்கள். இரண்டே வருடத்தில், 1835-ல், நிலாவில் இறக்கை முளைத்த வௌவால் மனிதர்கள் திரிகிறார்கள் என்று அதே பத்திரிகை தொடர் வெளியிட்டது. கூட்டம் வேண்டும் என்றால் நிலாவில்கூட ஆள் வைக்க வேண்டியிருக்கும்! இன்றைய யூடியூப் தம்ப்நெயில்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வௌவால்கள்தான் ஞாபகம் வருகின்றன.

சரி, ரிமோட்டுக்கு வருவோம். பார்ப்பவர் கையில் ஆயுதம் வந்தாயிற்று, விளம்பரம் செத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. எழுந்துபோய்க் குமிழைத் திருக வேண்டியிருந்த காலத்தில் ஒருவர் ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தார். ரிமோட் வந்தபிறகு தேர்ந்தெடுக்கவே வேண்டாம், தாவிக்கொண்டே இருக்கலாம். எந்த நொடியும் ஓடிப்போகக்கூடிய ஆளைப் பிடித்துவைக்க, நிகழ்ச்சிக்காரர்கள் நொடிக்கு நொடி கொக்கி போடக் கற்றுக்கொண்டார்கள். தப்பிக்கக் கொடுத்த கருவி தவிப்பாக மாறியது. இன்று கட்டைவிரல் திரையில் செய்யும் வேலைக்கு அன்றே பயிற்சி தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வூவைக் குறை சொன்னால் அது நியாயம் ஆகாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஷாப்பிங் ஆப்பில் வேலை பார்த்தேன். எங்கள் டீமுக்கு நோட்டிஃபிகேஷன் பொறுப்பு. எந்த நேரத்தில் அனுப்பினால் அதிகம் பேர் திறக்கிறார்கள் என்று ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துச் சோதிப்போம். இரவு நேரம்தான் ஜெயித்தது. சாப்பிட்டு முடித்து, படுக்கப் போகும் முன்பு, மனசு கொஞ்சம் தளர்ந்திருக்கும் நேரம். அப்படியே வைத்தோம். ஒருநாள் ஊருக்குப் போயிருந்தேன். இரவு அம்மா கண்ணயரும் நேரத்தில் தலைமாட்டில் போன் கிணுங்கியது. யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று பதறி எழுந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். குக்கருக்குத் தள்ளுபடி. அனுப்பியது யார் என்று நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

யார் திறந்தார்கள் என்பதற்கு எங்களிடம் கணக்கு இருந்தது. யார் பதறினார்கள் என்பதற்கு இல்லை. யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தோம்: "பிடிக்கலைன்னா செட்டிங்ஸ்ல போய் ஆஃப் பண்ணிக்கலாமே!" உண்மைதான், அந்த பட்டனும் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அது ஃபிளாஷ்-மேட்டிக்கின் பேரன். தொந்தரவு செய்வது எங்கள் வேலை, சுட்டு வீழ்த்துவது உங்கள் வேலை. எங்கள் பக்கம் முழுநேரச் சம்பளத்துக்கு ஒரு டீமே உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் தூக்கக் கலக்கத்தில், கண்ணாடியைத் தேடும் ஒரு அம்மா.

என் சண்டை இங்கேதான். இவ்வளவு வரலாற்றையும் சொல்லிவிட்டு வூ கடைசியில் நம்மிடம் கேட்பது என்ன? ஒவ்வொருவரும் தன் கவனத்தைத் தானே மீட்டெடுக்க வேண்டும், சில நேரங்களையும் சில இடங்களையும் திரை தீண்டாமல் காத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். தப்பில்லை, நல்ல அறிவுரைதான். ஆனால் அவர் புத்தகமே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறதே! தனி ஆள் கையில் கொடுத்த ஆயுதத்தை எல்லாம் இந்தத் தொழில் விழுங்கி ஏப்பம் விட்டது என்பதற்கு ரிமோட்டை விட நல்ல உதாரணம் வேண்டுமா?

இன்னொன்று. கடைசிப் பகுதியில் நெட்ஃபிளிக்ஸை விளம்பரத்துக்கு எதிரான கலகமாகக் காட்டுகிறார். 2016-ல் அது சரியாகத்தான் பட்டிருக்கும். 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் அமெரிக்காவில் மாதம் 6.99 டாலருக்கு விளம்பரத்தோடு ஒரு திட்டத்தைத் தொடங்கிவிட்டது. அதற்கும் முன்னால் கூகுள். 1998-ல் பிரினும் பேஜும் எழுதிய ஆய்வுக்கட்டுரையின் பின்னிணைப்பைப் பாருங்கள். விளம்பரக் காசில் ஓடும் தேடுபொறி வாசகரை விட்டு விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 2000-ல் ஆட்வேர்ட்ஸ் வந்தது. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணம் அதன் அடுத்த காலாண்டுக் கணக்கு வரைக்கும்தான் தாங்கும் என்கிறேன்.

அப்படியென்றால் எது தாங்கியது? பதில் வூவின் புத்தகத்திலேயே இருக்கிறது, அவர்தான் அதை வேகமாகக் கடந்துவிடுகிறார். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் சுவர்கள் முழுக்க ஜூல்ஸ் ஷெரே போன்றவர்களின் வண்ணச் சுவரொட்டிகள். அழகானவைதான், ஆனால் எங்கு திரும்பினாலும் அவைதான். எதிர்ப்பு வந்தது, கட்டுப்பாடும் வந்தது. 1881 ஜூலை 29 சட்டத்தின் பெயரைச் சொல்லி 'இங்கே ஒட்டாதே' என்று எழுதிய வாசகத்தை பிரான்சில் பழைய சுவர்களில் இன்றும் பார்க்கலாம். நம் ஊர் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' மாதிரிதான்.

வெர்மான்ட் மாநிலம் 1968-ல் சாலையோர விளம்பரப் பலகைகளைத் தடை செய்தது. பிரேசிலின் சாவோ பாலோ இன்னும் ஒரு படி மேலே போனது. 2006-ல் மேயர் ஜில்பெர்ட்டோ கஸாப் கொண்டுவந்த 'சுத்தமான நகரம்' சட்டம் 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சுமார் 15,000 விளம்பரப் பலகைகள் இறங்கின. கடைப் பெயர்ப்பலகைக்குக்கூட அளவு வைத்தார்கள். விளம்பர நிறுவனங்கள் வழக்குப் போட்டுப் பார்த்தன. பலகைகள் போனபிறகு, அவை மறைத்து வைத்திருந்த குடிசைப் பகுதிகள் கண்ணில் பட ஆரம்பித்தன. என்னைக் கேட்டால் அந்தச் சட்டத்தின் பெரிய பலன் இதுதான். விளம்பரம் நம்மிடம் எதையோ காட்டுகிறது என்றுதான் நினைக்கிறோம். அது எதை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்பது எடுத்தபிறகுதான் தெரிகிறது.

சாவோ பாலோவில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கப் பயிற்சி எடுக்கவில்லை. மன உறுதி தேவைப்படவில்லை. ஒருமுறை, எல்லோருக்கும் சேர்த்து, முடிவெடுத்தார்கள். அதுதான் ரிமோட்டுக்கும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். ரிமோட் ஒவ்வொரு முறையும் உங்களை முடிவெடுக்கச் சொல்கிறது, என்றாவது ஒருநாள் கை சோர்ந்துவிடும்.

சட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது, அதையும் சொல்ல வேண்டும். சாவோ பாலோவிலேயே பேருந்து நிறுத்தங்களிலும் தெருக் கடிகாரங்களிலும் விளம்பரத்துக்குப் பின்னாளில் அனுமதி கொடுத்தார்கள். ஐரோப்பாவில் 2018-ல் ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்தபிறகு நமக்குக் கிடைத்தது என்ன? எந்தத் தளத்துக்குப் போனாலும் 'குக்கீயை ஏற்கிறீர்களா?' என்று ஒரு பெட்டி. 'ஏற்கிறேன்' பட்டன் பளிச்சென்று, 'மறுக்கிறேன்' எங்கோ மூன்று கிளிக் தள்ளி. காரணம் எளிது. அங்கே நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சட்டமும் தனி ஆள் கையில் ஒரு ரிமோட்டாகத்தான் வந்து சேர்ந்தது. நம் ஊரில் வேறு சிக்கல். பேனர் வைக்க விதிகள் இருந்தன, நீதிமன்ற உத்தரவுகள் இருந்தன. இருந்தும் 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த ஒரு இளம்பெண் உயிர் போனது. காகிதத்தில் இருக்கும் சட்டம் பேனரைத் தாங்கிப் பிடிக்காது.

ஆக, நான் வந்து சேர்ந்த இடம் இது. எந்தத் தடுப்பைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது தொந்தரவு செய்பவர் தலையில் வேலையை வைக்கிறதா, தொந்தரவு படுபவர் தலையிலா? இரண்டாவது என்றால் அது ஃபிளாஷ்-மேட்டிக், சீக்கிரம் செரித்துவிடுவார்கள். 2021-ல் ஆப்பிள், ஒரு ஆப் உங்களைப் பின்தொடர முதலில் அனுமதி கேட்டாக வேண்டும் என்று மாற்றியது. கேட்காவிட்டால் பின்தொடர முடியாது. அதனால் 2022-ல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று மெட்டாவே சொன்னது. ஆப்பிளுக்கும் இதில் சொந்தக் கணக்கு இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாற்றியது ஒரே ஒரு இயல்புநிலையை. செட்டிங்ஸுக்குள் ஒளித்துவைத்த ஆயிரம் பட்டன்களுக்கு அந்த பலம் கிடையாது.

வூவின் புத்தகத்தை அவசியம் படியுங்கள், வரலாற்றுக்காக. அறிவுரையை மட்டும் கொஞ்சம் உப்பு போட்டுச் சாப்பிடுங்கள்.

நான் அந்த வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது. அம்மா போனில் எல்லா நோட்டிஃபிகேஷனையும் நானே உட்கார்ந்து அணைத்தேன், ஒவ்வொரு ஆப்பாக. முக்கால் மணி நேரம் ஆனது. போட்டவனுக்கே முக்கால் மணி நேரம்.